சேஷாசலத்தில் கேமரா எங்கே நிற்கிறது?

2003 அக்டோபர் 1. பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்க அன்றைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு திருப்பதியிலிருந்து திருமலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். அலிபிரி அருகே வண்டிகள் சேஷாசல மலைப்பாதையில் ஏறும்போது, மக்கள் யுத்தக் குழு என்ற நக்சல் அமைப்பினர் வைத்திருந்த கிளேமோர் கண்ணிவெடிகள் வெடித்தன. கார் உருக்குலைந்தது. முதல்வர் காயங்களோடு உயிர் தப்பினார்.

இதை ஒரு திரில்லரின் முதல் காட்சியாக எடுக்கச் சொன்னால், நம் இயக்குநர்களில் பாதிப்பேர் கேமராவைக் காருக்குள் வைப்பார்கள். ஓட்டுநரின் தோள், கண்ணாடிக்கு வெளியே நகரும் மரங்கள், சாதாரணப் பேச்சு, திடீரென்று வெடிச்சத்தம். இருக்கையில் ஒரு துள்ளல், அவ்வளவுதான். மீதிப்பேர் கேமராவைச் சாலையோரப் புதரில் வைப்பார்கள். மண்ணுக்கடியில் ஓடும் வயர், அதைப் பிடித்திருக்கும் கை, வளைவில் தெரியும் முதல் போலீஸ் ஜீப். ஹிட்ச்காக் 1962-இல் ட்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில், மேஜைக்கு அடியில் இருக்கும் குண்டை உதாரணமாக்கி விளக்கிய வேறுபாடு இதுதான். குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் பதினைந்து நொடி அதிர்ச்சி கிடைக்கும். தெரிந்துவிட்டால் அதே பேச்சு, அதே மேஜை, பதினைந்து நிமிடப் பதற்றமாகும்.

இந்த உதாரணம் திரைப்பட வகுப்புகளில் தேய்ந்துபோகும் அளவுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அலிபிரியில் மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. நடந்து மலை ஏறுகிறவர்களின் படிக்கட்டு அங்கேதான் தொடங்குகிறது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு ஒரு குடும்பம் இறங்கி வருகிறது என்று வையுங்கள். அவர்களுக்கு முதல்வர் வருவதும் பெரிதாகத் தெரியாது, கண்ணிவெடியும் தெரியாது. அவர்கள் பக்கம் கேமரா நின்றால் வெடிப்பு தூரத்து ஓசையாகத்தான் வரும். அதன்பின் அந்தப் படம் யார் குண்டு வைத்தார் என்பதைத் துப்பறியும் படமாக இருக்காது. பெரியவர்களின் சண்டையில் வழியில் நிற்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கிற படமாகிவிடும். நிகழ்வு ஒன்றுதான். கேமராவை வைத்த இடம் கதையையே மாற்றிவிட்டது.

திரில்லர் தொடக்கத்துக்கு எந்த உத்தி பொருத்தம் என்று கேட்டால் பொதுவாக ஒரு பட்டியல் கிடைக்கும்: நீண்ட ஷாட், வேகமான வெட்டு, இருள், மழை, இதயத் துடிப்பு போன்ற இசை, கதையின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து முன்னால் வைப்பது. இவை கருவிகள்; கடைசியில் எடுக்க வேண்டியவை. முதலில் தீர்மானிக்க வேண்டியது, இந்த நிமிடத்தில் பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரிந்ததைவிடக் கூடவா, குறைவா, சமமா என்பதை. அதைத் தீர்மானித்துவிட்டால் லென்ஸ், வெளிச்சம், ஒலி எல்லாம் பெருமளவு தாமாகவே வந்து உட்காரும். இந்தக் கணக்கைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம், அண்மைக்காலத்தில் இந்தியாவிலேயே மிக அதிகம் பேர் பார்த்த குற்றக்கதைகளில் ஒன்றான ‘புஷ்பா’ இந்த மண்ணிலிருந்து எழுந்தது என்பது மட்டுமில்லை. அந்தக் கதைக்கு அடியில் இருக்கும் செம்மரக் கடத்தலில் நிஜமாகவே கோடரி பிடித்த கைகளில் பல, வடதமிழ்நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து போனவை.

தமிழில் இந்தக் கணக்கை முதலில் தெளிவாகப் போட்ட படம் 1954-இல் வந்த ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்தது. தொடங்கிய உடனேயே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் சரிந்து விழுந்து சாகிறார். பாட்டு கிடையாது. குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதலில், ஒவ்வொருவர் வாய்வழியாகவும் அந்தச் சாவு மறுபடி கட்டப்படுகிறது. தொடக்கத்தில் நமக்குச் சாவு தெரியும், சுட்டவர் தெரியாது; விசாரிக்க வருகிற அதிகாரிக்கும் அவ்வளவுதான் தெரியும். சமமான அறிவு. நட்சத்திரத்தை முதல் நிமிடத்திலேயே கொன்றது இன்றும் பலருக்குத் துணிச்சலாகப் படுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சுட்ட கையைக் காட்டாமல் சுடப்பட்ட முகத்தைக் காட்டிய கட்டுப்பாடு.

அதற்குப் பின் நம் படங்களின் தொடக்கத்தில் வேறொரு சடங்கு வேரூன்றிவிட்டது: கதாநாயகன் அறிமுகம். காலணி, கை, முதுகு, பிறகு முகம், விசில். திரில்லருக்கு இதைப்போல எதிரி வேறில்லை. இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பார்வையாளர் அஞ்ச வேண்டும். அறிமுகக் காட்சியோ இவருக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிடுகிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, புகை பிடிக்கும் காட்சி உள்ள படங்களின் தொடக்கத்திலும் நடுவிலும் முப்பது நொடிச் சுகாதார எச்சரிக்கை கட்டாயம். தணிக்கைச் சான்றிதழ், எச்சரிக்கைப் படம், நன்றி அட்டைகள், கம்பெனி முத்திரைகள் எல்லாம் கடந்துதான் நம் பார்வையாளர் முதல் ஷாட்டுக்கு வந்து சேர்கிறார். மேலைநாட்டுப் பாடப்புத்தகம் சொல்லும் ‘இருட்டிலிருந்து நேராகக் கதைக்குள்’ என்பது இங்கே நடக்காத காரியம். அதனால் முதல் ஷாட் சத்தமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அத்தனை சத்தத்துக்குப் பிறகு வருகிற நிசப்தமே கவனத்தைப் பிடித்து நிறுத்தும் என்பது என் எண்ணம்.

நீண்ட ஷாட் என்றதும் உலகம் முழுக்கச் சுட்டிக்காட்டப்படுவது ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958). கதை நடப்பது மெக்சிகோ, அமெரிக்க எல்லை ஊரில். ஒருவன் டைமரைத் திருகி, ஒரு காரின் பின்பெட்டியில் குண்டை வைத்துவிட்டு ஓடுகிறான். கேமரா கிரேனில் எழுந்து கூரைகளுக்கு மேல் போய், தெருவில் இறங்கி, அந்தக் காரையும் அதன் பக்கத்தில் நடந்துபோகும் புதுமணத் தம்பதியையும் மாறி மாறித் தொடர்கிறது. மூன்று நிமிடத்துக்கும் சற்று அதிகமாக வெட்டே இல்லை. எல்லைச் சாவடியில் கார் நிற்கிறது, காவலர்கள் பேசுகிறார்கள், கார் கிளம்புகிறது, வெடிக்கிறது. வெட்டாமல் எடுத்ததற்குக் காரணம் வித்தை காட்டும் ஆசை அல்ல. டைமரில் ஓடும் நேரமும் திரையில் ஓடும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் ஒரு வெட்டு விழுந்தாலும், இயக்குநர் நேரத்தை இழுக்கவோ குறுக்கவோ செய்கிறார் என்று பார்வையாளரின் உள்மனம் உடனே சந்தேகிக்கும்.

அந்த ஷாட்டின் ஒலிக்கும் ஒரு வரலாறு உண்டு. யுனிவர்சல் நிறுவனம் அதன்மேல் டைட்டில்களை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் சேர்த்து வெளியிட்டது. வெல்ஸ் விரும்பியது வேறு. நகரும் கார்களின் வானொலி, மதுக்கூடங்களின் வாசலிலிருந்து வழியும் பாட்டு என்று கேமரா போகப் போகத் தெருவின் ஒலியும் மாற வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். 1998-இல் வால்டர் மர்ச் அவருடைய குறிப்புகளைக் கொண்டு படத்தை மறுதொகுப்பு செய்தபோது டைட்டில்களை அகற்றி, அந்த ஒலிகளைப் போட்டார். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அதே பிம்பங்கள் வேறு படமாகத் தெரியும். முதலாவதில் இசை ‘இது ஆபத்தான கார்’ என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவதில் யாரும் எதுவும் சொல்வதில்லை. காரின் வானொலிப் பாட்டு நெருங்கும்போது நமக்கே வயிறு கலங்குகிறது.

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் (2023) இதற்கு நேரெதிர் திசையில் போகிறது. அதில் குண்டு வெடித்து முடிந்துவிட்டது. கவிழ்ந்த ரயில் பெட்டிகளுக்கு இடையே, உள்ளே, வெளியே, அலறுகிறவர்களையும் தூக்கிச் செல்கிறவர்களையும் கடந்து, ஆர். வேல்ராஜின் கேமரா ஒரே ஷாட்டாகத் தோன்றும்படி நிமிடக்கணக்கில் அலைகிறது. வெல்ஸின் நீண்ட ஷாட் நேரத்தைக் கட்டுகிறது என்றால், இது இடத்தைக் கட்டுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. இதைச் செய்தவன் யார் என்ற கோபம்தான் பார்வையாளருக்குள் ஏறுகிறது. படத்தின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. குற்றவாளியைப் பிடித்தே ஆகவேண்டும் என்ற வேகத்தை முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு, அந்த வேகத்தின் பெயரால் காவல்துறை மலைக்கிராமத்தில் என்னவெல்லாம் செய்கிறது என்பதைப் பிறகு காட்டுகிறது. ஷாட் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு விடை இரண்டாம் பாதியில்தான் கிடைக்கிறது. அப்படி விடை கிடைக்காத நீண்ட ஷாட்டுகள் நம் படங்களில் ஏராளம். அவற்றைப் படக்குழு பேட்டிகளில் மட்டும்தான் கொண்டாட முடியும்.

சித்தூருக்கும் ஓர் எல்லை உண்டு. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகளை எடுத்து 1911-இல் உருவாக்கிய மாவட்டம் அது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூர் அங்கேயே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வேலூரிலிருந்து காட்பாடி வழியாகச் சித்தூர் போகிறவர் கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச் சாவடியைக் கடந்து ஆந்திரத்துக்குள் நுழைகிறார். இருபுறமும் ஒரே பொட்டல், ஒரே மாந்தோப்பு, இரண்டு மொழியும் பேசும் டீக்கடைகள். எல்லை இருப்பதைப் பெயர்ப்பலகையின் எழுத்தும் காவலரின் தொப்பியும்தான் சொல்லும். வெல்ஸின் ஷாட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைக்கலாமே என்று ஆசை வரும்.

வைத்தால் வேலை செய்யாது. இந்த எல்லையைக் கடக்கும் செம்மரக் கடத்தலில் ‘பைலட்’ என்று ஒரு வண்டி முன்னால் போகும். அதில் சரக்கு இருக்காது. வழியில் சோதனை இருக்கிறதா என்று பார்த்துப் பின்னால் வரும் வண்டிக்குப் போனில் சொல்வதே அதன் வேலை. பதற்றம் இருப்பது ஒரு வண்டிக்குள் இல்லை, இரண்டு வண்டிக்கும் நடுவே இருக்கிற கிலோமீட்டர்களில். அந்த இடைவெளியை எந்தக் கிரேனாலும் ஒரே ஷாட்டில் பிடிக்க முடியாது. இங்கே தேவைப்படுவது சினிமாவின் மிகப் பழைய உத்தி, கிரிஃபித் காலத்து இணைவெட்டு: முன்வண்டி, பின்வண்டி, சாவடி, மறுபடி முன்வண்டி. அதிலும் போனை யார் காதில் வைத்து நமக்குக் கேட்கச் செய்வது என்பது தனித் தீர்மானம். முன்வண்டிக்காரனின் குரல் மட்டும் கேட்டு, பதில் கேட்காமல் போனால் பின்வண்டி பத்திரமாக இருக்கிறதா என்ற சந்தேகம் நமக்குள்ளேயே வளரும். செலவில்லாத உத்தி இது.

இனி மரத்துக்கு வருவோம். செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலா போன்ற குன்றுகளில் மட்டும் இயற்கையாக வளர்வது. பட்டை கறுத்து, முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வெட்டினால் வெளியே வெளிறிய மென்கட்டை, உள்ளே கருஞ்சிவப்பு வைரம். கடத்தலுக்கு வெட்டுகிறவர்கள் மென்கட்டையைக் கோடரியால் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் சுமந்து இறங்குவார்கள். அடர்த்தியான கட்டை தண்ணீரில் மூழ்கும். 1995 முதல் இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சீனத்தில் மரச்சாமான்கள், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் தண்டு என்று போய்ச் சேரும் இடங்கள் தூரத்தில் இருக்கின்றன.

சுகுமார் இயக்கிய ‘புஷ்பா: தி ரைஸ்’ (2021) அந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஜப்பான், ஒரு திருமணம், செம்மரத்தால் செய்த இசைக்கருவி, அங்கிருந்து சேஷாசலம் என்று ஒரு கார்ட்டூன் முன்னுரை. மரத்தின் விலைமதிப்பை உரையாடலில் விளக்கியிருந்தால் படம் வகுப்பறையாகியிருக்கும். நிஜமாக ஜப்பானில் எடுத்திருந்தால் கதைக்குச் சம்பந்தமில்லாத முகங்களை நாம் பின்தொடர ஆரம்பித்திருப்போம். சித்திரத்தில் சொன்னதால் அது பாட்டி சொல்லும் கதையைப்போல விறுவிறுவென்று நடந்து முடிகிறது. மரத்துக்கு ஒரு புராணத்தன்மையும் கிடைக்கிறது. ‘விக்ரம் வேதா’வில் (2017) புஷ்கரும் காயத்ரியும் விக்கிரமாதித்தன்–வேதாளம் கதையை அசைவோவியமாகத் தொடக்கத்தில் வைத்ததும் இதே குடும்பத்து உத்திதான். ஆனால் அங்கே அது படத்தின் கேள்வி, பதில் வடிவத்துக்குச் சாவி. புஷ்பாவில் அது விலைச்சீட்டு. இரண்டாம் பாகம் (2024) இன்னும் ஒரு படி போய், யோகோஹாமா துறைமுகத்தில் கன்டெய்னருக்குள்ளிருந்து நாயகன் வெளிப்படுவதில் தொடங்குகிறது. மரம் போன வழியே மனிதனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வணிகப் படமாக இது பிழையில்லாத தேர்வு. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். சந்தையில் தொடங்குகிற கதையில் பார்வையாளர் முதலில் அறிவது விலையை. வெட்டுகிறவனை நாம் சந்திக்கும்போது, அவன் தோளில் இருப்பது எத்தனை லட்சம் என்று நமக்குத் தெரியும். அவனுக்குக் கிடைப்பது கூலி. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு துயரக் கதைக்கு விதையாகியிருக்கலாம். புஷ்பா அதை ஏணியாக்கிக்கொள்கிறது. கூலிக்காரன் விலையைக் கற்றுக்கொண்டு மேலே ஏறுகிறான், நாமும் கைதட்டிக்கொண்டே ஏறுகிறோம். முன்னே சொன்ன அறிமுகக் காட்சியின் உறுதிமொழி இங்கே முழுப் படத்துக்கும் நீள்கிறது. அதனால்தான் புஷ்பாவில் துரத்தல் உண்டு, மோதல் உண்டு, பயம் கிடையாது.

காட்டைப் பற்றியும் ஒரு சொல். புஷ்பாவின் காட்டுப் பகுதிகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டவை சேஷாசலத்தில் அல்ல. வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கோதாவரிக்கு அப்பால் மாரேடுமில்லியில். அங்கே காடு ஈரமும் அடர்த்தியும் பச்சையும் கொண்டது. போலந்து ஒளிப்பதிவாளர் மிரோஸ்லாவ் கூபா ப்ரோஜெக் அந்த அடர்த்தியைப் புகையும் ஒளிக்கற்றையுமாக அழகாகப் பிடித்திருக்கிறார். சேஷாசலம் வேறு மாதிரி. வறண்ட இலையுதிர் காடு, கூரிய கற்பாறை, கோடையில் மரங்கள் மொட்டையாக நிற்கும். மறைந்துகொள்ள இலை இருக்காது. காலடியில் சருகு நொறுங்கும், வெயில் மேலிருந்து நேராக விழும். அடர்காடு ‘உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது?’ என்ற பயத்தைத் தரும். மொட்டைக்காடு தருவது ‘எங்கிருந்தோ நம்மைப் பார்த்துவிடுவார்கள்’ என்ற பயம். செம்மரக் கதை இரண்டாவது வகை. நீள லென்ஸில், வெகுதூரத்தில், நெளியும் அனலுக்கு நடுவே, தோளில் கட்டையோடு வரிசையாக நகரும் உருவங்கள் என்று தொடங்கினாலே போதும். அவர்களை யாரோ பார்க்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். பார்ப்பது யார் என்பதை எவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருப்பது என்பதில்தான் இயக்குநரின் நெஞ்சுறுதி தெரியும்.

இடத்தை மாற்றுவதைக் குறையாகச் சொல்லவில்லை. ராம்கோபால் வர்மாவின் ‘கோவிந்தா கோவிந்தா’ (1994) ஏழுமலையானின் கிரீடத்தைத் திருடும் கதை. சாதாரணப் பக்தரின் கைபேசியைக்கூட உள்ளே விடாத கோயில் அது. அப்படிப்பட்ட இடத்தில் சினிமா தன் திருப்பதியைத் தானேதான் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டும்போது எந்தப் பயத்தைக் கட்டுகிறோம் என்ற தெளிவு வேண்டும் என்பதுதான் சொல்ல வந்தது.

இரவில் இந்தக் காட்டை ஒலியால்தான் திறக்க முடியும். மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) காட்டும் வழி இங்கே உதவும். நடுநிசிச் சாலையில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவனை ஒரு மருத்துவ மாணவன் தூக்கிக்கொண்டு அலைகிறான். கிடப்பவன் யார் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பாடலே இல்லாத அந்தப் படத்தில் இளையராஜாவின் இசையை ‘முன்னணி இசை’ என்று டைட்டிலில் போட்டார்கள். இசை எப்போது பேச வேண்டும், எப்போது தெருவின் வெறுமைக்கு வழிவிட வேண்டும் என்ற நிதானத்துக்கு அது நல்ல பாடம். செம்மரக் காட்டில் அந்த இசையின் இடத்தைக் கோடரி எடுத்துக்கொள்ளலாம். வைரக்கட்டையில் விழும் வெட்டுச் சத்தம் பள்ளத்தாக்கில் நெடுந்தூரம் போகும். வெட்டுகிறவனுக்கும் அது தெரியும். ஒவ்வொரு வெட்டும் அவனுக்குக் கூலி, ஒவ்வொரு வெட்டும் அவனைக் காட்டிக்கொடுக்கும் துப்பு. வெட்டு நிற்கும்போது பார்வையாளரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். இதற்குமேல் வயலின் எதற்கு?

காவலர் பக்கம் கேமராவை வைப்பதற்கும் நியாயம் உண்டு. 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வன அலுவலர் இருவர் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டார்கள். கையில் தடியோடு இரவுக் காட்டுக்குள் போகும் கடைநிலை ஊழியரின் பயத்திலிருந்து ஒரு படம் தொடங்கினால் அது பொய்யாகாது.

பதினாறு மாதம் கழித்து, 2015 ஏப்ரல் 7 அதிகாலையில், சந்திரகிரி அருகே காட்டில் இரண்டு இடங்களில் இருபது பேர் சிறப்புக் காவல் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். பெருங்கூட்டம் கல்லாலும் கோடரியாலும் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. முந்தைய நாளே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துச் சென்றார்கள் என்றார்கள் தப்பியவர்கள். அவர்களில் ஒருவர் சொன்னது அன்றைய நாளிதழ்களில் வந்தது: பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்ததால் தன்னைக் குடும்பத்தோடு போகிறவன் என்று எண்ணி விட்டுவிட்டார்கள், உடன் வந்தவர்களை இறக்கிக்கொண்டு போனார்கள். இந்த நிகழ்வை ஒட்டி ‘ரெட் சாண்டல் வுட்’ என்ற தமிழ்ப் படமும் 2023-இல் வந்தது.

இரண்டு கூற்றும் இரண்டு தொடக்கக் காட்சிகள். காவல்துறையின் கூற்று காட்டில், இருட்டில், கூட்டமாக வரும் முகமற்ற உருவங்களோடு தொடங்கும். அகன்ற ஷாட், டார்ச் வெளிச்சம், கூச்சல். தப்பியவரின் கூற்று பகலில், ஓடும் பேருந்தில், ஓர் இருக்கையில் தொடங்கும். நெருக்கமான ஷாட், ஜன்னல், டிக்கெட், பக்கத்தில் இருக்கும் அறிமுகமில்லாத பெண்ணின் கைப்பை. எந்த உத்தியை எடுத்தோமோ அந்தச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டுவிட்டோம். நடுநிலையான லென்ஸ் என்று ஒன்று கடையில் கிடைப்பதில்லை. இரண்டையும் வைக்க வேண்டுமானால் ‘அந்த நாள்’ காட்டிய வழியில் சாவை முதலில் வைத்துவிட்டு, கூற்றுகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும்.

பேருந்துக் காட்சிக்கு முன்னோடி என்று ஒன்றைச் சொல்வதானால் அது வெற்றிமாறனின் ‘விசாரணை’. மு. சந்திரகுமார் குண்டூரில் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நாவலை ஒட்டிய படம். 2015 செப்டம்பரில், சேஷாசலத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்தே மாதம் கழித்து, வெனிஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. ஆந்திரத்தில் பிழைக்கப்போன தமிழ் இளைஞர்கள் இரவில் பூங்காவில் படுத்து, பகலில் கடையில் வேலை செய்கிறார்கள். போலீஸ் தூக்குகிறது, அடிக்கிறது. எதற்கு என்று சொல்வதில்லை. நமக்கும் படம் சொல்வதில்லை. ஹிட்ச்காக் கணக்கில் பார்த்தால் இது அதிர்ச்சியும் இல்லை, பதற்றமும் இல்லை. குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதைவிட, நம்மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்னவென்றே தெரியாமல் அடி வாங்குவது வேறு வகைக் கொடுமை. பார்வையாளரின் அறிவைப் பாத்திரத்தின் அறிவோடு அவ்வளவு இறுக்கமாகக் கட்டிவைத்த தொடக்கம் தமிழில் மிகக் குறைவு. படத்தொகுப்பாளர் கிஷோர் படம் முடிவதற்குள் இறந்துவிட்டார். தேசிய விருது இறப்புக்குப் பின் வந்தது.

‘விசாரணை’யில் மொழியும் ஓர் உத்தி. சுற்றிலும் தெலுங்கு, நீதிமன்றத்தில்கூடத் தங்கள் நிலையைச் சொல்ல ஒரு தமிழ் அதிகாரி மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. சேஷாசலப் பேருந்துக் காட்சியை எடுக்கிறவர் முதல் நாளே முடிவு செய்யவேண்டிய ஒன்று இதில் இருக்கிறது: போலீஸ்காரர் தெலுங்கில் பேசும்போது கீழே துணைவரி ஓட வேண்டுமா, கூடாதா? ஓடினால் பேருந்தில் இருக்கும் மலைக்கிராமத்துக்காரருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடும். நாம் அவருக்காகப் பதறுவோம். ஓடாவிட்டால் அவரோடு சேர்ந்து நாமும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நிலைமையை ஊகித்துக்கொண்டிருப்போம். சென்னையிலோ மதுரையிலோ இரண்டாவது வழி சரியாக வேலை செய்யும். சித்தூர்த் திரையரங்கில் செய்யாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழி. எல்லா வசனமும் புரிந்து, யாருடைய அறியாமையிலும் பங்கெடுக்க முடியாமல் பார்க்கிற அந்தப் பார்வையாளர்களை மனதில் வைத்து எடுப்பதானால், பயத்தைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டு வேறெங்காவது வைக்க வேண்டும்: கண்டக்டர் விசில் ஊதத் தாமதிக்கும் அந்தச் சில நொடிகளில், அல்லது பக்கத்து இருக்கைப் பெண் வாயைத் திறப்பாரா மாட்டாரா என்பதில்.